இரவு லென்ஸும் குழாய்த் தண்ணீரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர்களின் கிட்டப்பார்வை வேகமாகக் கூடாமலிருக்க, தூங்கும்போது மட்டும் அணியும் கடின லென்ஸ் தரப்படுகிறது. இது கருவிழியின் (கார்னியா) நடுவிலுள்ள மேல்தோலைச் சில மைக்ரான் அளவுக்கு மெல்லியதாக்குகிறது. அதனால் பகலில் கண்ணாடி வேண்டியிருக்காது. அணிவதை நிறுத்தினால் ஓரிரு வாரங்களில் பழைய பவர் திரும்பிவிடும். கிட்டப்பார்வை கூடக்கூட விழி முன்பின்னாக நீளும்; அந்த வேகத்தைத் தணிப்பதே இதன் முக்கியப் பலன். எனவே 'எழுத்து தெரிகிறது' என்று விட்டுவிடாமல், 6 மாதத்துக்கு ஒருமுறை கண்ணின் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும்.

இதில் அஞ்ச வேண்டியது கிருமித்தொற்றுக்குத்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி கண்ணில் தொற்றினால் பார்வையையே பறித்துவிடக்கூடும். லென்ஸையும் அதை வைக்கும் டப்பாவையும் தண்ணீரில் அலசவே கூடாது. கை கழுவியதும் ஈரம் போகத் துடையுங்கள். டப்பாவில் மிஞ்சிய, லென்ஸை ஊறவைக்கும் கிருமிநாசினிக் கரைசலின் மேலேயே புதியதை ஊற்றாதீர்கள். கிருமிநாசினியின் வீரியம் குறைந்துவிடும்.

காலையில் லென்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், மேல்தோல் உரியும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விட்டு, சில நிமிடம் பொறுத்து, கீழிமை விளிம்பால் லென்ஸின் ஓரத்தில் மெல்ல அழுத்துங்கள். கண் சிமிட்டும்போது லென்ஸ் நகர்ந்தால்தான் கழற்றலாம். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, லென்ஸ் அணியாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் கொண்டுபோனால், கிருமியைக் கண்டறிய உதவும்.