படிகளைக் கட்டியவர் யார் என்று கேட்கும் நடுவர் குழுவுக்கு

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கும் பதிப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

உங்கள் கதைப் போட்டியின் அடுத்த சுற்றுக்கான விதிமுறைகள் வந்திருக்கின்றன. ஏழாவது விதி இப்படிச் சொல்கிறது: கற்பனை உலகக் கதைகள் அந்த உலகத்தின் தோற்றத்திலிருந்தோ முதல் அரச மரபிலிருந்தோ தொடங்க வேண்டும், பிற்காலத்தில் தொடங்கினால் முன்வரலாறு முழுவதையும் முதல் அத்தியாயத்திலேயே தந்துவிட வேண்டும். இந்த விதி யாருடைய கைப்பிரதியிலிருந்து முளைத்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நமக்குள் நடந்த மின்னஞ்சல்களை நான் இங்கே கொட்டப் போவதில்லை. ஆனால் எனக்கு மட்டும் சொன்ன யோசனை இப்போது எல்லாருக்குமான சட்டமாகிவிட்டது. ஆகவே தனியாகக் கேட்டதைப் பொதுவில் கேட்கிறேன்: ஏழாவது விதியை நீக்குங்கள்.

என் மூன்றாவது அத்தியாயம் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் ஓரமெல்லாம் சிவப்பு மை. ஓடக்காரப் பெண் ஒருத்தி விடியற்காலையில் படித்துறைக்கு வருகிறாள். அந்தத் துறையின் கற்படிகள் ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரம். மனிதக் கால் ஏறி இறங்கக் கட்டியவை அல்ல. அதனால் ஊர்க்காரர்கள் படிக்குப் படி ஒரு மர ஏணி சாத்தி வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஏணிகள் உளுத்துப்போகும், யார் செலவில் மாற்றுவது என்று சண்டை வரும். கோயில்காரர்கள் இவை தேவர்கள் குளிக்க இறங்கிய படிகள் என்கிறார்கள். மேட்டுத் தெருக்காரர்கள் தங்கள் முப்பாட்டன் யானைகளைக் குளிப்பாட்டக் கட்டியது என்கிறார்கள். ஓடக்காரர்களோ அது படியே இல்லை, சரிந்து விழுந்த மதில் என்கிறார்கள். கட்டியவரின் வாரிசுக்குத்தான் துறைவரி என்பது ஊர் வழக்கம். நாவலே இந்த வழக்குதான்.

படிகள் வரும் ஒவ்வொரு இடத்திலும் உங்கள் குறிப்பு இருந்தது: “கட்டியவர் யார்? எந்த ஆண்டு? விளக்கவும்.” ஏணிகளைப் பற்றி ஒரு குறிப்புகூட இல்லை.

சரி, குழு சொல்கிறதே என்று விளக்கினேன். முதல் அரசன், அவன் போர்கள், அவன் யானைப்படை, அந்த யானைகளுக்கான படித்துறை என்று ஒரு நீண்ட முன்கதை எழுதிச் சேர்த்தேன். பக்க வரம்பு இருக்கிறது, அதுவும் உங்கள் விதிதான். ஆகவே முன்கதைக்கு இடம் விடுவதற்காக ஏணி மாற்றும் காட்சியை வெட்டினேன், ஓடக்காரியின் அம்மா பேசும் அத்தியாயத்தை வெட்டினேன், சந்தையை வெட்டினேன். வேலை முடிந்து வந்து, வீடு அடங்கிய பிறகு இரவில் செய்த வேலை அது. எழுதும்போது இருந்த சுகம் வெட்டும்போது இல்லை. வழக்கு என்ன ஆயிற்று தெரியுமா? யானைப் படிகள்தான் என்று முதல் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிட்டது. மேட்டுத் தெருக்காரர்கள் சொல்வது உண்மை, தீர்ந்தது. அதற்கு அப்புறம் முந்நூறு பக்கம் வாதாடும் ஓடக்காரி, விடை தெரிந்த கணக்கோடு மல்லுக்கட்டும் அசடாகிவிட்டாள்.

திருத்திய பிரதிக்கு உங்கள் பதில் வந்தது. “ஓடக்காரப் பெண் மனத்தில் நிற்கவில்லை. வழக்கில் விறுவிறுப்புக் குறைவு.” நன்றி.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்களில் சிலர் வாசிப்பில் எனக்கு மூத்தவர்கள், அந்த மரியாதை குறையவில்லை. ஆனால் கதை ஏன் பிந்திய காலத்தில் நடக்கிறது என்ற கேள்விக்கு, ஆரம்பம் எழுதச் சோம்பல் என்பதுதான் விடை என்று நீங்கள் முடிவு செய்துவிட்டதாகத் தோன்றுகிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நீங்களே முன்மாதிரியாகச் சொன்ன பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். 1950இல் கல்கி இதழில் அது தொடராகத் தொடங்கியது. அதில் முதலில் வருவது சோழ அரசுக்குப் புது வாழ்வு தந்த விஜயாலயன் அல்ல. அவனுக்கு நூறாண்டுக்கு மேல் கழித்து, சுந்தர சோழர் நோயில் படுத்திருக்கும் காலத்தில், அரசை இழந்த வாணர் குலத்துப் பிள்ளை ஒருவன் குதிரையில் வருகிறான். அவன் வரும் வழி, போரில் மாண்ட இளவரசன் இராஜாதித்தன் வெட்டுவித்த ஏரிக்கரை. பழைய கதைகள் வழிநெடுக யாராவது ஒருவர் வாயிலிருந்து, அவரவர் சாய்வோடு வருகின்றன. உங்கள் ஏழாவது விதியின்படி இந்த நாவல் முதல் சுற்றிலேயே திரும்பி வந்திருக்கும்.

அது வரலாற்று நாவல், இது கற்பனை உலகம், அதனால் வேறு என்பீர்கள். அப்படியானால் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனிடம் போவோம். தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்தது. அதில் மாய மோதிரத்தை அழிக்கப் போகும் பயணம் நடப்பது அவருடைய மூன்றாம் யுகத்தின் 3018, 3019ஆம் ஆண்டுகளில். அதற்கு முன் இரண்டு யுகங்கள் முடிந்துவிட்டன. இவ்வளவுக்கும் அவரிடம் ஆரம்பம் இல்லாமல் இல்லை. உலகத் தோற்றமும் முதல் யுகத்துப் போர்களும் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தவைதான். 1937இல் அவருடைய முந்தைய நாவல் தி ஹாபிட் வெற்றி பெற்றதும் அந்தப் பழங்கதைகளைப் பதிப்பகத்திடம் கொடுத்தும் பார்த்தார். அவர்கள் ஏற்கவில்லை, ஹாபிட்டுகள் என்ற குள்ள மக்களைப் பற்றி இன்னொரு கதைதான் கேட்டார்கள். அந்த ஆரம்பம் சில்மரில்லியன் என்ற நூலாக வந்தது 1977இல், அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, மகன் தொகுத்து. பின்னணியில் ஒரு பெரிய வரலாறு அரைகுறையாகத் தெரிவதுதான் கதையின் கவர்ச்சியில் ஒரு பங்கு என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எட்டத்தில் மின்னும் நகரத்துக் கோபுரங்களைப் பார்ப்பது போன்றது அது, அங்கேயே போய் நின்றுவிட்டால் மாயம் கலைந்துவிடும் என்கிறார். உங்கள் குழு என்னைக் கோபுரத்துக்குள் போய் அறைகளை அளந்து வரச் சொல்கிறது.

இதெல்லாம் வெளியூர்க் கதை என்றால் நம் வீட்டுக்கே வருவோம். முச்சங்கக் கதையைச் சொல்லும், இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரையைப் பாருங்கள். தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு. முதல் இரண்டு சங்கங்கள் இருந்த நகரங்களையும் கடல் கொண்டது. வரலாற்றாசிரியர்கள் இந்தக் கணக்கை ஏற்பதில்லை, அது இருக்கட்டும். ஒரு கதைக்காரராக எனக்கு அதில் பிடித்தது வேறு. இந்தக் கதையைச் சொன்னவர் தம்மை எங்கே நிறுத்திக்கொள்கிறார்? மூன்றுக்கும் பின்னால், எல்லாம் முடிந்த பிறகு. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்று தொலைந்த நூல்களின் பெயர்களைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு வரி கிடையாது. அந்தப் பெயர்களைக் கேட்ட எந்தத் தமிழருக்காவது மனம் பரபரக்காமல் இருந்திருக்கிறதா? உங்களில் ஒருவர் அந்த உரைக்கு நடுவராக இருந்திருந்தால் ஓரத்தில் “முதுகுருகின் உள்ளடக்கம்? விளக்கவும்” என்று எழுதியிருப்பார்.

தொடக்க காலத்தில் கதை எழுதிப் பார்த்தவர்களுக்கு அதன் சங்கடம் தெரியும். தொடக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள். தேவர்கள், முதல் அரசர்கள், மலையைப் பெயர்ப்பவர்கள். ஓடக்கூலிக்குப் பேரம் பேசும் ஆள் அங்கே கிடையாது. கடன் பத்திரம் கிடையாது, பங்காளிச் சண்டை கிடையாது. சண்டை போட ஒரு பாட்டன் சொத்து வேண்டும், பாட்டன் செத்துப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். பிந்திய காலத்தில்தான் மூன்று தெருவுக்கு மூன்று வரலாறு இருக்கும். யாரோ எப்போதோ போட்ட ஒப்பந்தத்துக்காக இன்று ஒருவர் அடி வாங்குவார். ஓடக்காரிக்குத் தெரியாததை வாசகரும் தெரியாமல் அவளோடு சேர்ந்து தேடுவார். எனக்குக் கதை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. பிந்திய காலம் என்றாலே பொற்காலம் போயிற்றே என்ற ஒப்பாரிதான் என்று உங்கள் குறிப்பில் ஒரு வரி வந்தது. என் ஓடக்காரிக்குத் தான் பிந்திப் பிறந்தவள் என்றே தெரியாதே! அவளுக்கு அது இன்றைய காலை, அவ்வளவுதான். பிந்தியது என்பது எனக்கும் என் கால அட்டவணைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அந்த யானைக்காலத்தில் அவள் பிறந்திருந்தால் சாணம் அள்ளிக்கொண்டிருந்திருப்பாள். இப்போது சொந்தமாக ஓடம் வைத்திருக்கிறாள்.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு விந்தையாக இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு பெரிய பாறை இருந்தது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், ஐம்பது வரி அளவுக்கு எழுத்து. 1819இல் அது வெள்ளைக்காரர்கள் கண்ணில் பட்டது, 1843இல் கட்டுமான வேலைக்காக வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. ஃபோர்ட் கெனிங் குன்றை மலாய்க்காரர்கள் தடைசெய்யப்பட்ட குன்று என்று அழைத்தார்கள், ஏற அஞ்சினார்கள். 1822இல் ஜான் கிராஃபர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே நடந்து பார்த்து, செங்கல் அடித்தளங்களும் யாரோ நட்டு வளர்த்த பழமரங்களும் இருந்ததாக எழுதி வைத்தார். 1928இல் வேலையாட்கள் தோண்டியபோது பொன் நகைகள் கிடைத்தன. 1984இல்தான் முறையான அகழாய்வே தொடங்கியது. இத்தனைக்கும் மேலே இப்போது பூங்காவும் கல்யாணப் புகைப்படமும், கீழே எம்ஆர்டி ரயில் நிலையமும். நாம் எல்லாருமே யாரோ கட்டிய படிக்கு ஏணி சாத்திக்கொண்டு வாழ்கிறவர்கள்தான். அந்தக் கல்லைப் படித்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை.

ஆனால் நம் மேடைகளில் ஏழாவது விதி எப்போதோ அமலுக்கு வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். சமூக மன்றத்தில் பத்துப் பேர் கூடும் சிறுகதை வெளியீடாக இருக்கட்டும், தமிழ்மொழி விழாவின் பெரிய மேடையாக இருக்கட்டும், பேச எழுந்தவர் கல்தோன்றி மண்தோன்றாக் காலத்திலிருந்துதான் தொடங்குகிறார். சோழர் கடல் கடக்கும்போது தேநீர் ஆறிவிடுகிறது. அன்று வெளியிட வந்த புத்தகத்துக்கு வந்து சேரும்போது கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிடும், பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். அந்தப் புத்தகத்தை எழுதிய இளம்பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், அதைப் பற்றி ஒரு வாக்கியம் யாராவது சொல்வார்களா என்று. இப்படிக் கூட்டம் நடத்திக்கொண்டு, இளையர் தமிழில் எழுத வருவதில்லை என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறோம். வருகிற ஓரிருவரும் டிராகனும் மாயமும் வைத்து எழுதுகிறார்கள். எழுதிக்கொண்டு வருபவரிடம் முதலில் வம்சாவளி கேட்கிறோம்.

எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது சிறியது.

ஏழாவது விதியை நீக்குங்கள். முழுதாக நீக்க முடியாது என்றால் “தொடங்க வேண்டும்” என்பதைத் “தொடங்கலாம்” என்றாவது மாற்றுங்கள். ஒரு கதை தெளிவாக இல்லை என்றால் எந்தப் பக்கத்தில் தெளிவில்லை என்று சொல்லுங்கள், திருத்துகிறோம். வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதற்கும் சொல்லத் தெரியாமல் விட்டதற்கும் வேறுபாடு இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்பதுதானே நடுவர் வேலை? எல்லாருக்கும் பொதுவாக ஒரு விதி போட்டுவிட்டால் அந்த வேலை மிச்சம், ஆனால் கதைகளும் ஒன்றுபோலவே வரும்.

என் நாவலைப் பொறுத்தவரை, முன்கதை சேர்ப்பதற்கு முந்தைய பழைய பிரதியையே இந்த மடலோடு மறுபடி அனுப்பியிருக்கிறேன். பரிசு கேட்கவில்லை. மூன்றாவது அத்தியாயத்தை விளக்கம் எதிர்பார்க்காமல் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேட்கிறேன். படித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. யார் கட்டினார்கள் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அது எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன்.

புதிய படைப்புகளுக்கான கடைசி நாளுக்கு முன் உங்கள் முடிவைத் தெரிவித்தால், இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களும் தங்கள் கைப்பிரதியை வெட்டாமல் அனுப்ப உதவியாக இருக்கும். பதிலைத் தமிழிலேயே அனுப்பலாம். சென்ற முறை வந்தது ஆங்கிலத்தில் இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் சென்ற சுற்றில் பங்கேற்ற ஓர் எழுத்தாளர்
சிங்கப்பூர்