மூன்றாம் ஆண்டுப் படத்தைக் காட்டுங்கள்: தோட்ட ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் சங்கத்தின் செயற்குழுவினருக்கும், லேண்ட்ஸ்கேப் தொழிலில் அண்மையில் இறங்கியிருக்கும் இளம் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் தம் பணிகளின் படத்தொகுப்புகளை ஒரு நீண்ட மேசைமேல் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பத்தொன்பது தொகுப்புகளை நின்று நிதானமாகப் புரட்டினேன். அட்டையிலிருந்த பெயர்களை மாற்றி ஒட்டியிருந்தால் யாருடையது எது என்று எனக்குத் தெரிந்திராது. அதே ஃபாக்ஸ்டெயில் பனை வரிசை, அதே வெள்ளைக் கூழாங்கல், அதே புத்தர் சிலை, முந்தைய நாள்தான் விரித்த புல். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் போட் கிளப் பகுதியிலும் கோவை ரேஸ் கோர்ஸிலும் பெரிய வீடு கட்டுபவர்கள் நம்மை விட்டுவிட்டு வெளியூர் ஆட்களை அழைத்து வருகிறார்கள் என்று அன்று மாலை தேநீர் வேளையில் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தக் குறைக்கான விடை அந்த மேசைமேலேயே கிடந்தது என்று எனக்குத் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பெரும் பணம் செலவழித்துத் தோட்டம் போடுபவர் பெரும்பாலும் முதன்முறையாகப் போடுபவர் அல்லர். ஏற்கெனவே ஒருவரிடம், சில நேரம் இருவரிடம், கொடுத்து ஏமாந்த பின்னரே நம்மிடம் வருகிறார். கோதாவரிக் கரையிலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்து இறங்கும் மரம், நர்சரியில் சேர்த்து வைத்த வலுவில் சில வாரங்கள் பச்சையாகத்தான் நிற்கும். அந்த வாரங்களுக்குள் நாம் படமும் எடுத்துவிடுகிறோம், கடைசித் தவணையும் வாங்கிவிடுகிறோம். வேரைச் சுற்றியுள்ள களிமண் உருண்டையை அப்படியே கடற்கரை மணலில் இறக்கியிருந்தால், ஊற்றிய நீரெல்லாம் சுற்றியுள்ள மணலில் ஓடிவிட, உருண்டை உள்ளுக்குள் காய்ந்து கிடக்கும் என்பது நமக்குத் தெரியும். இரண்டாவது கோடையில் மட்டை மட்டையாகக் காய்வதைப் பார்த்தவருக்கும் அது தெரியும். அவரிடம் போய், ஒப்படைப்பு நாளில் எடுத்த படத்தைக் காட்டுவதில் என்ன பயன்? நட்ட மாதமும் படம் எடுத்த மாதமும் கீழே அச்சிட்ட, மூன்று ஆண்டு முதிர்ந்த ஒரு தோட்டத்தின் படத்தை வைத்துப் பாருங்கள். அவர் அந்தப் பக்கத்தில் நிற்பார்.

என் தொகுப்பில் மொத்தம் எட்டுப் பணிகளே உள்ளன. இருபது ஆண்டுகளில் செய்தவை நூற்றுக்கு மேல் இருக்கும்; மற்றவற்றை எடுத்துவிட்டேன். எட்டில் ஒன்று மட்டும் ஏழு பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. நீலாங்கரையைத் தாண்டி, கடலைப் பார்த்த ஆறு கிரவுண்ட் இடம் அது. அதன் முதல் பக்கத்தில் இருப்பது அழகான படம் அன்று. எனக்கு முன் வந்தவர் இரண்டு முறை விரித்தும் கருகிப்போன கொரியன் புல்லும், அதன் பக்கத்தில் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கையும்தான். நீரில் உப்பு மிகுதி, காற்றிலும் உப்பு. புல்லைக் குறைசொல்லிப் பயனில்லை. அடுத்த பக்கங்களில் நாங்கள் எடுத்த முடிவுகள் வருகின்றன: புல்வெளியைத் தாழ்வாரத்தை ஒட்டி மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, உப்பு நீரைத் தாங்கும் பாஸ்பாலம் புல்லை இட்டது, கடற்பக்கம் தாழை, கடல் திராட்சை, புன்னை என்று அடுக்கிக் காற்றை வடிகட்டியது, அந்தத் திரைக்குப் பின்னால் மட்டும் செம்பருத்தியையும் நந்தியாவட்டையையும் வைத்தது, மாடி மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பியது. கடைசிப் பக்கத்தில், நட்டு நாற்பது மாதம் கழித்து அதே மூலையிலிருந்து எடுத்த படம்.

இவற்றுக்கு நடுவே, உள்ளங்கை அகலமே உள்ள இடத்தைக் காட்டும் ஒரு படத்தை வைத்திருக்கிறேன். கடப்பா கல் நடைபாதை புல்லைச் சந்திக்கும் ஓரம் அது. கல்லின் மேல்மட்டம் மண்ணோடு மட்டமாக இருப்பதால், புல் வெட்டும் எந்திரத்தின் ஒரு பக்கச் சக்கரம் கல்லின்மேலேயே ஓடும். கத்தரியை எடுத்துக் குனிந்து ஓரம் வெட்டும் வேலை தோட்டக்காரருக்கு இல்லை. இப்போது நான் பார்த்துவரும் பெரிய தோட்டம் ஒன்றின் உரிமையாளர், கப்பல் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், மற்றப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு இந்தப் படத்தின்மேல் விரலை வைத்து, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மாதப் பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்தக் கேள்வி வந்தால் வேலை ஏறக்குறைய நம் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அதனால்தான் ஒவ்வொரு பணியின் கீழும் எத்தனை தோட்டக்காரர்கள், நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். சதுர அடி விலையை எழுதுவதில்லை; அதை எழுதினால் பேச்சு விலையிலேயே தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது.

ஒரே இடத்திலிருந்து முன்னும் பின்னும் காட்டுவது என் கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தில் ஹம்ப்ரி ரெப்டன் என்பவர் 1788-இல், தம் 36-ஆவது வயதில், வேறு தொழில்களில் தோற்றுப்போன பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தார். பெரும் நிலக்கிழார் ஒவ்வொருவருக்கும் அவருடைய இடத்தை நீர்வண்ணத்தில் வரைந்து, சிவப்புத் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகமாகக் கொடுப்பார். படத்தின்மேல் ஒட்டிய மடிப்பு இன்றைய நிலையைக் காட்டும். அதைத் தூக்கினால் அவர் செய்ய நினைக்கும் தோற்றம் அடியில் தெரியும். அந்தப் புத்தகத்துக்குத் தனியாகக் கட்டணமும் வாங்கினார். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைச் செய்யாமலே விட்டவர்களும் உண்டு. (இலவசமாக வரைபடம் கொடுத்துவிட்டு, அதைப் பார்த்து வேறொருவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நமக்கு அந்தக் கட்டணச் செய்தி உறைக்க வேண்டும்.) நமக்கு நீர்வண்ணம் தெரிய வேண்டியதில்லை. வேலை தொடங்கும் முன்பே சுற்றுச்சுவரில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, அதே உயரத்தில், அதே காலை ஏழு மணி வெயிலில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். முதல் படத்தை எடுக்காமல் விட்டவருக்கு அது திரும்பக் கிடைக்காது. என் பழைய பணிகள் பல அப்படித்தான் போயின.

மழைக்குப் பின்னும் எடுங்கள், புயலுக்குப் பின்னும் எடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாண்டிய மறுநாள் காலை, நான் மரம் நட்ட ஒரு வீட்டுக்குப் போனபோது, உரிமையாளர் விரும்பிக் கேட்டு நட்ட இரண்டு குல்மோகர்களும் சுவரை இடித்துக்கொண்டு கிடந்தன; புன்னைகள் மூன்றும் இலைகளை இழந்து நின்றிருந்தன. அந்தப் படம் இன்றும் என் தொகுப்பில் உண்டு. என் தவற்றையும் சேர்த்துக் காட்டும் அந்தப் பக்கத்தை எடுத்துவிடும்படி நண்பர்கள் சொன்னார்கள். கடலோரத்தில் வீடு கட்டுபவர்கள் வேறெந்தப் பக்கத்தையும்விட அதில்தான் கூடுதல் கேள்வி கேட்கிறார்கள். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வேலியாக நட்ட படங்களை மட்டும் யாரும் வைத்திருக்க வேண்டாம். 2023-இல் குஜராத்தும் 2025-இல் தமிழ்நாடும் அதற்குத் தடை விதித்த பின்னும் அதைப் பெருமையாகக் காட்டினால், நாம் செய்தித்தாள்கூடப் படிப்பதில்லை என்றே பொருள்.

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் வாயில் தோட்டத்தைப் படம் எடுத்து வெளியிட்டேன். ஓரத்தில் நின்ற காரின் எண் தெரிந்தது. கண்காணிப்புக் கேமரா இருக்கும் இடமும் தெரிந்தது. மறுநாளே பராமரிப்பு ஒப்பந்தம் நின்றது. வீட்டு உரிமையாளர் கோபப்படக்கூட இல்லை. தொலைபேசியை எடுக்கவில்லை, அவ்வளவுதான். வசதி படைத்தவர்கள் தம் வீடு தம் வீடென்று தெரிவதை விரும்புவதில்லை. எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாயிலையும் வாகனத்தையும் குழந்தைகளையும் தவிருங்கள், படக்கோப்பிலுள்ள இருப்பிடத் தகவலை நீக்குங்கள், தலைப்பில் பகுதியின் பெயரோடு நின்றுவிடுங்கள். அடுத்த வாடிக்கையாளர் அந்தத் தொகுப்பைப் பார்க்கும்போது, தம் வீடும் இப்படித்தான் காக்கப்படும் என்று புரிந்துகொள்வார்.

படத்தின் உரிமையிலும் கவனம் தேவை. நாம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நம்முடையது. ஆர்க்கிடெக்ட் பணம் கொடுத்து எடுத்தது அவருடையது. அதைக் கேட்காமல் எடுத்துப் போட்டால், பெரிய வேலைகளை நமக்கு அனுப்பக்கூடிய அந்த ஒருவரைத்தான் முதலில் பகைத்துக்கொள்வோம். அவர் பெயரையும், விளக்கு அமைத்தவர் பெயரையும், தோட்டக்காரர் பெயரையும் அடியில் போடுவதால் நம் பெயர் சிறுத்துவிடாது. கணினியில் வரைந்த முப்பரிமாணப் படமாக இருந்தால் அப்படியே குறிப்பிடுங்கள்.

காட்ட இன்னும் பணியே இல்லாத இளைஞர்கள், பாலித் தீவு விடுதிகளின் படங்களை இறக்கி ஒட்டுவதற்குப் பதிலாக, சொந்த வீட்டு முற்றத்தில் இருநூறு சதுர அடியைச் சரியாகச் செய்து, இரண்டு ஆண்டு தொடர்ந்து படம் எடுத்து வரலாம்.

செயற்குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் மேசையில், நட்ட மாதமும் படம் எடுத்த மாதமும் குறிப்பிடப்படாத எந்தப் படத்துக்கும் இடம் தர வேண்டாம். சிறந்த பணிக்கான விருதை மூன்று ஆண்டு நிறைந்த தோட்டங்களுக்கு மட்டும் கொடுங்கள், நடுவர்கள் நேரில் சென்று பார்த்த பிறகு கொடுங்கள். முதல் ஆண்டில் ஆறேழு பேருக்கு மேல் தகுதி பெற மாட்டார்கள் என்று நினைக்கிறேன். என்னுடைய எட்டில் மூன்று தேறாது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்