விரலில் பட்ட துடிப்பு

அன்பு மகள் கயலுக்கு,

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நீ அழுதுகொண்டே போன் செய்தபோது எனக்குச் சரியாகப் பேச வரவில்லை. "பரவாயில்லம்மா, கொஞ்சம் தூங்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாளாக மனசு அதிலேயே நிற்கிறது. நீ டாக்டர், நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவன். உனக்கு நான் மருத்துவம் சொல்லித்தர முடியாது. ஆனால் இதயம் நின்றுபோன நோயாளிக்கு நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். செய்ததைப் பற்றி நீ கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறதே, அதை நானும் பல வருஷம் சுமந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

"தொடை இடுக்கில விரல் வச்சேன்ப்பா. ஒவ்வொரு அமுக்குக்கும் பல்ஸ் நல்லா தட்டுச்சு. 26 நிமிஷத்துல நிறுத்தச் சொல்லிட்டாங்க. பல்ஸ் இருந்த மனுஷனை விட்டுட்டோமா?" என்று கேட்டாய்.

இல்லையம்மா. விடவில்லை.

உன் விரலில் பட்டது தமனியின் துடிப்பாகவே இல்லாமல் இருக்கலாம். கீழுடம்பின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையில் வால்வு கிடையாது என்று நீ முதல் வருஷத்திலேயே படித்திருப்பாய். நெஞ்சை அழுத்தும்போது அந்த அழுத்தம் முன்னால் போவதுபோலவே பின்னாலும் ஓடும். தடுக்க ஒன்றும் இல்லாததால் தொடைச் சிரை வரைக்கும் வந்து முட்டும். தொடை இடுக்கில் தமனியும் சிரையும் ஒட்டிப் படுத்திருக்கின்றன. மேலே இருந்து தொடும் விரலுக்கு எது எதுவென்று தெரியாது. ஒருவேளை நீ தொட்டது தமனிதான் என்றே வைத்துக்கொள். அப்போதும் துடிப்பு என்பது மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதை அது சொல்லாது. நம் பக்கத்தில் வயசானவர்கள் மணிக்கட்டைப் பிடித்து "நாடி நிக்குது" என்று சொல்லும்போது வீடே மூச்சு விடும். அந்த நம்பிக்கை நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது. துடிக்கிற இதயத்துக்கு அது சரி. நின்றுபோன இதயத்தை வெளியே இருந்து கையால் ஓட்டும்போது அந்த விரல் நம்மை ஏமாற்றும்.

இன்னொன்று. நாம் அழுத்தும்போதுதான் வேலை நடக்கிறது என்று நினைக்கிறோம். மூளைக்கு வேண்டுமானால் அது சரி. இதயத்தின் சொந்தத் தசைக்குப் போகிற இரத்தம் நாம் கையைத் தூக்கும் நேரத்தில்தான் போகிறது. அழுத்தும்போது மகாதமனியிலும் வலது மேலறையிலும் அழுத்தம் சேர்ந்தே ஏறுவதால் இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் அதிகம் இருக்காது. நெஞ்சு முழுசாக மேலே வரும் அந்தக் கணத்தில் மேலறையில் அழுத்தம் இறங்குகிறது. மகாதமனியில் மட்டும் கொஞ்சம் நிற்கிறது. அந்த வித்தியாசம்தான் கரோனரிக் குழாய்களில் இரத்தத்தைத் தள்ளுவது. 1990-இல் பாரடிஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் 100 பேருக்கு சி.பி.ஆர். நடக்கும்போதே இதை அளந்து பார்த்தார்கள். 24 பேருக்கு இதயம் திரும்பத் துடித்தது. அந்த வித்தியாசம் ஒருமுறையாவது 15 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தொடாத ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. அதனால்தான் "5 சென்டிமீட்டர் இறக்கு" என்று சொல்வதோடு நிறுத்தாமல், "நெஞ்சின் மேல் சாயாதே, முழுசா விடு" என்று கத்துகிறார்கள்.

ஆத்தா வீட்டுக் கொல்லையில் இருந்த அடிபம்பு உனக்கு நினைவிருக்கும். வாஷர் தேய்ந்த பம்பு. கைப்பிடியைப் பாதி பாதியாக ஆட்டினால் சொட்டுதான் வரும். நீ அடித்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நிமிஷம் கையை எடுத்தால் குழாயில் ஏறிய தண்ணீர் எல்லாம் கீழே போய்விடும். மறுபடி பத்துத் தடவை சும்மா அடித்தால்தான் தண்ணீர் எட்டிப் பார்க்கும். நெஞ்சை அழுத்துவதை நிறுத்தினாலும் அதேதான். பல்ஸ் பார்க்கிறேன், எக்கோ பார்க்கிறேன் என்று கையை எடுத்த சில நொடியிலேயே அந்த வித்தியாசம் சரிந்துவிடும். மறுபடி தொடங்கியதும் உடனே ஏறாது, பல அழுத்தல்கள் தேவைப்படும். 10 நொடிக்கு மேல் நிறுத்தாதே என்பதற்கு அதுதான் காரணம். உங்கள் பக்கத்தில் இப்போது கழுத்திலேயே அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்து இரத்தம் ஓடுவதைப் பார்க்கிறோம் என்றாயே, நல்லது. விரலைவிட அது நிச்சயம் மேல். ஆனால் புரோபை அழுத்தல் நடக்கும்போதே இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல். நிறுத்தும் அந்தச் சில நொடியில் படத்தைப் பதிவு செய்துகொண்டு, கை திரும்ப நெஞ்சுக்குப் போன பிறகு நிதானமாகப் பார்க்கலாம். நிறுத்தி வைத்துக்கொண்டு படத்தைத் தேடக்கூடாது.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். அம்மாவுக்கே இது பாதிதான் தெரியும்.

1993. நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்தவர், முப்பத்திரண்டு வயது, நெசவு வேலை. மயக்கத்திலிருந்தபோதே இதயம் நின்றுவிட்டது. நான்தான் வாலிபன், நான்தான் உரம் உள்ளவன் என்று ஸ்டூலில் ஏறி அழுத்தத் தொடங்கினேன். சர்ஜன் தொடை இடுக்கில் விரல் வைத்துக்கொண்டே "நல்லா வருது, விடாதே, விடாதே" என்றார். நான் விடவில்லை. கம்பவுண்டர் வந்து "அண்ணே, மாத்திக்கலாம்" என்று இரண்டு தடவை கேட்டார். தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஒரே ஆளாக அழுத்தினேன். எனக்குக் களைப்பே தெரியவில்லை, கயல். உண்மையாகவே தெரியவில்லை. அவர் பிழைக்கவில்லை. வெளியே பெஞ்சில் அவருடைய அப்பா ரசம் சாதம் வைத்த தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நம்மால் ஆனதைச் செய்தோம், துடிப்புகூட வந்துகொண்டிருந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, வேறொரு இடத்தில், எங்கள் தியேட்டருக்குக் கேப்னோகிராஃப் வந்தது. மூச்சுக்குழாய் ட்யூபின் முனையில் ஒரு சின்னக் கனெக்டர். அதிலிருந்து ஸ்ட்ராவைவிட மெல்லிய குழாய் ஒன்று மெஷினுக்குப் போகும். ஒவ்வொரு வெளிமூச்சிலும் எவ்வளவு கரியமில வாயு வருகிறது என்று திரையில் ஒரு மேடும் ஒரு எண்ணும் காட்டும். ஆரோக்கியமான ஆளுக்கு 35 முதல் 45. ஒருநாள் ரெகவரியில் ஒரு பெரியவருக்கு இதயம் நின்றது. ஒரு வாட்டசாட்டமான பையன் அழுத்தினான், நான் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைப் பிடித்திருந்தேன். என் கண் திரையில் இருந்தது. 19. கொஞ்ச நேரம் 18. அப்புறம் 16. இரண்டு நிமிஷம் முடியும்போது 12. அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வியர்வைகூட இல்லை. வேகமும் குறையவில்லை. ஆழம் மட்டும் குறைந்திருக்கிறது, அது அவனுக்கே தெரியவில்லை. ஒல்லியான ஒரு சிஸ்டர் அவனை விலக்கிவிட்டு ஸ்டூலில் ஏறினாள். சில மூச்சுக்குள் 20.

அந்த 20-ஐப் பார்த்தபோது எனக்கு 1993-தான் ஞாபகம் வந்தது. என் கைக்குக் கீழேயும் அப்படித்தான் இறங்கியிருக்கும். சொல்ல ஒரு எண் இல்லை. சொல்ல வந்த கம்பவுண்டரையும் நான் கேட்கவில்லை. அன்றைக்கு மாற்றியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன், அது யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு வரவேண்டிய இரத்தத்தை முழுசாக நான் கொடுக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, இதை 1978-லேயே கலெண்டா என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அழுத்துபவர் களைத்தால் எண் இறங்குகிறது, ஆள் மாறினால் ஏறுகிறது என்று. விஷயம் எளிதுதான். உடம்பின் செல்கள் உண்டாக்கும் கரியமில வாயுவை இரத்தம்தான் நுரையீரலுக்குச் சுமந்து வரவேண்டும். நாம் பேக்கை ஒரே சீராக அழுத்திக்கொண்டிருந்தால், வெளியே வரும் அளவு இரத்தம் எவ்வளவு வருகிறது என்பதைத்தான் சொல்கிறது. நல்ல சி.பி.ஆரே சாதாரண ஓட்டத்தில் காலோ, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கோதான் தரும். அதனால் 35 எதிர்பார்க்கக்கூடாது. 20-க்கு மேல் வைத்திருக்கப் பார். 10-க்குக் கீழே போனால் முதலில் அழுத்தும் கையைச் சந்தேகப்படு. அழுத்திக்கொண்டிருக்கும்போதே எண் திடீரென்று 35, 40 என்று குதித்தால் இதயம் தானாக ஓடத் தொடங்கியிருக்கலாம். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்கள். நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

எண்ணும் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் பேக்கை வேகவேகமாக அழுத்தினால் வாயு கலைந்து எண் பொய்யாக இறங்கும். ஆறு நொடிக்கு ஒரு மூச்சு போதும். பைகார்பனேட் மருந்து போட்டால் சில நிமிஷம் சும்மா ஏறும். அட்ரினலின் போட்ட பிறகு கொஞ்சம் இறங்கலாம். மூச்சடைத்து நின்ற இதயமென்றால் முதல் சில மூச்சில் எண் அதிகமாகவே காட்டும். அந்த மெல்லிய குழாயைக் கையால் தொட்டுப் பார்க்கவும் பழகு. ஒருதடவை திரையில் மேடே இல்லாமல் கோடாகப் போய்விட்டது. ட்யூப் வயிற்றுக்குள் போய்விட்டது என்று உருவப் போனார்கள். நான் குனிந்து பார்த்தேன், மெல்லிய குழாயின் நடுவில் ஒரு நெல்மணி அளவு சளி கலந்த தண்ணீர் அடைத்துக்கொண்டு நின்றது. குழாயை மாற்றியதும் மேடு வந்தது. ஐ.சி.யூ. ஆட்களுக்குத் தமனிக்குள் வைத்து இரத்த அழுத்தம் காட்டும் ஆர்ட் லைன் இருந்தால் அதையும் பார். அங்கே மேல் பிரஷர் நம்மை மயக்கும், கீழ் பிரஷர்தான் முக்கியம். அதை 25-க்கு மேல் வைக்கப் பார்க்கச் சொல்லி 2013-இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட ஆவணம் இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும் ஒரு விஷயம். இந்த அழுத்தல் முறையே அளவு காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கிடைத்தது. 1958-இல் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில், மின்சார அதிர்ச்சி கொடுத்து இதயத்தைத் திருப்புவது பற்றி நாய்களிடம் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர், அந்தக் கனமான பேடில்களை நெஞ்சில் அழுத்தும்போதெல்லாம் தமனி அழுத்தக் கோடு சற்று மேலே ஏறுவதைக் கவனித்தார். கரண்ட் இன்னும் கொடுக்கவேயில்லை, வெறும் கனம்தான். மின்பொறியாளர் கௌவென்ஹோவனும் சர்ஜன் ஜூடும் சேர்ந்து அதைத் தொடர்ந்து பார்த்து, 1960-இல் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதில் 14 பேர் பிழைத்தார்கள். மூவரில் இருவர் டாக்டர்கள் இல்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்.

உன் நோயாளிக்கு வருகிறேன். கரியமில வாயு எண் முதலில் 13, கடைசியில் 7 என்றாய். 1997-இல் லெவினும் மற்றவர்களும் 150 பேரைப் பார்த்தார்கள். எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்கள், ஈ.சி.ஜி.யில் மின் ஓட்டம் இருந்தும் நாடி இல்லாதவர்கள். 20 நிமிஷ முடிவில் எண் 10-ஓ அதற்குக் கீழோ இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைத்து வார்டுக்குப் போகவில்லை. அந்த எண்ணை மட்டும் வைத்து நிறுத்தக்கூடாது என்பது உங்கள் சீனியருக்குத் தெரியும். அவர் எக்கோவில் இதயத்தையும் பார்த்தார், ரிதமையும் பார்த்தார், நேரத்தையும் பார்த்தார் என்று நீயே சொன்னாய். எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டின. உன் விரல் ஒன்றுதான் வேறு சொன்னது. அந்த விரலை நம்பி நீ மூன்று நாளாகச் சாப்பிடாமல் இருக்கிறாய்.

ஒன்றே ஒன்று செய். அடுத்த டூட்டியில் மானிட்டரை அழுத்துபவரின் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைக்கச் சொல். இப்போது பெரும்பாலும் அது பேக் பிடிப்பவரின் பக்கம்தான் பார்த்திருக்கும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுவதை யாராவது ஒருவர் கடிகாரம் பார்த்துச் சொல்லட்டும். "நான் இன்னும் அழுத்துவேன்" என்று எந்தப் பையன் சொன்னாலும் இறக்கிவிடு.

அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், சனிக்கிழமை கூரியரில் வரும். வியாழக்கிழமை இரவு டூட்டி இல்லை என்றாயே, அன்றைக்குப் போன் செய். சாப்பிட்டுவிட்டுச் செய்.

அன்புடன்,
அப்பா