வெற்றிலைக் கடை அண்ணனுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

என் மகன் வாயில் புகையிலை போடுகிறான் என்று தெரியவந்து, போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. மகன் நேற்றுதான் மறுபடி பள்ளிக்குப் போனான். நான்காம் படிவம். அவன் பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பினாங்கு லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் வெற்றிலை மடித்துக் கொடுப்பவர். மகன் புகையிலை கேட்டு வந்தபோது, பள்ளிப் பையனுக்குத் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவர். அவன் வேறு கடையில் வாங்கிக்கொண்டான். விஷயம் காதுக்கு எட்டியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உறவு இல்லை. என் மாமியார் அவரிடம் வெற்றிலை வாங்குவார், அந்தப் பழக்கம்தான்.

தோசை வைத்தேன். "வேணாம்மா, கஞ்சி இருந்தா குடுங்க" என்றார். பிறகு மகனிடம், "தம்பி, மூணு விரலைச் சேர்த்து வாய்க்குள்ள வச்சுப் பாரு" என்றார். அவனுக்கு மூன்றும் போயின. அண்ணன் தன் வாயில் ஒரு விரலை வைத்தார். அதற்குமேல் திறக்கவில்லை. அவனுடைய வயதில், 16-ல், பாக்கும் புகையிலையும் போடத் தொடங்கியவராம். கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகிவிட்டது. "இதை யாருக்கும் காட்டினதில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு, கரண்டியைச் சாய்த்துச் சாய்த்துக் கஞ்சியைக் குடித்தார். புத்திமதி என்று ஒரு வார்த்தை இல்லை. அன்று இரவு மகன் தானாகவே ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தான்.

கன்னத்தில் வெள்ளைத் தடிப்பை முதலில் கண்ட பல் மருத்துவக் குழுவினர், ஒவ்வொரு வாரமும் பொறுமையாகப் பேசிய கிளினிக் டாக்டர், தண்டிப்பதற்கு முன் எனக்குப் போன் செய்த கட்டொழுங்கு ஆசிரியர், சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தார், எல்லாருக்கும் கைகூப்புகிறேன். தடிப்பு குறைந்து வருகிறது. டாக்டர் சொல்லித்தான் ஒன்று தெரிந்தது: புகையிலை இல்லாத வெறும் பாக்கையே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் புற்றுநோய் தரும் பொருள்களில் சேர்த்துவிட்டது. நான் அதைக் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தவள்.

சிகரெட் வாடை வருகிறதா என்று அவன் சட்டையைத்தான் தினமும் முகர்ந்து பார்த்தேன். வாயைப் பார்க்கவில்லை. எட்டு வயதில் அவனைக் கடைக்கு அனுப்பி, "பாட்டிக்குப் புகையிலை வாங்கிட்டு வா" என்று சில்லறை கொடுத்ததும் நான்தான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைக் கடைக்காரர் மட்டும் காத்தால் போதுமா? மாமியார் இப்போது தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலையை எடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே.

வரும் தை மாதம் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். வெற்றிலைத் தட்டை நான்தான் அடுக்கப் போகிறேன், அதில் புகையிலை இருக்காது. அண்ணே, நீங்கள் அவசியம் வர வேண்டும். உங்களுக்குக் கஞ்சி தனியாக எடுத்து வைத்திருப்பேன்.