சிமுலேஷனில் இருப்பது எந்த மாடல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளில் இன்று எல்டிஸ்பைஸ் (மின்சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) வரைபடம் இல்லாத பவர் சப்ளையைப் பார்ப்பது அரிது. "சிமுலேஷனில் ஓடியது, போர்டில் டயோடு கொதிக்கிறது" என்ற புகாரும் கூடவே வருகிறது. தப்பைக் காட்டிக்கொடுக்க வேண்டிய மாடலே, அதாவது பாகத்தின் நடத்தையைச் சொல்லும் கணித விவரிப்பே, அதை மறைத்துவிடுவதுதான் பல இடங்களில் காரணம்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் 100 கிலோஹெர்ட்ஸ் பக் கன்வெர்ட்டரில் 1என்4007 என்ற சாதாரண ரெக்டிஃபையர் டயோடைப் போடுவதை எடுத்துக்கொள்வோம். அது முழுதாக அணையச் சில மைக்ரோ விநாடிகள் பிடிக்கும்; ஒரு சுழற்சியே 10 மைக்ரோ விநாடிதான். அந்த நேரத்தில் மின்னோட்டம் தலைகீழாகப் பாய்ந்து டயோடும், சுவிட்சாக வேலை செய்யும் ட்ரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டும் சூடாகும். திரையில் இது தெரியாது. பாகத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் வெறும் டயோடை வைத்தால் அணையும் தாமதத்தைத் தீர்மானிக்கும் ட்ரான்சிட் நேரமான 'டிடி' சுழி, சந்திக் கொள்ளளவான 'சிஜேஓ' சுழி, உடைவு மின்னழுத்தமான 'பிவி'க்கு எல்லையே கிடையாது. அப்படி ஒரு டயோடு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மாஸ்ஃபெட்டில் சிக்கல் இன்னும் ஆழம். 1973-இல் பெர்க்லியில் வெளிவந்த, எல்டிஸ்பைஸின் மூதாதையான ஸ்பைஸ், ஐசி வடிவமைப்புக்காக எழுதப்பட்டது. கட்டுப்பாட்டு முனையான கேட்டுக்கும் மின்னோட்டம் நுழையும் டிரெயினுக்கும் இடையிலான கொள்ளளவு பவர் மாஸ்ஃபெட்டில் மாறும் விதத்தை அதன் லெவல் 1 மாடல் காட்டுவதில்லை. அந்தக் கொள்ளளவு டிரெயின் மின்னழுத்தத்தோடு பல மடங்கு மாறும். ஸ்விட்சிங் இழப்பு பெருமளவு அதைப் பொறுத்தது. பவர் மாஸ்ஃபெட்டுக்கான எல்டிஸ்பைஸின் விடிமாஸ் மாடல் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அந்த மாடலின் வரியில் எழுதியிருக்கும் 'ரான்' (இயங்கும்போதுள்ள மின்தடை), 'க்யூஜி' (கேட் சார்ஜ், அதாவது கேட்டை நிரப்பத் தேவையான மின்னூட்டம்) மதிப்புகள் பட்டியலில் காட்டுவதற்கு மட்டுமே, கணக்கில் சேராது. அவற்றை மாற்றிவிட்டு பாகத்தையே மாற்றிவிட்டதாக நம்புகிறவர்கள் உண்டு.

சோதிப்பது எளிது. தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் (பாகத்தின் விவரக் குறிப்பில்) சொன்ன டிரெயின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அமைத்து, கேட்டுக்குள் நிலையாக 1 மில்லிஆம்பியர் செலுத்துங்கள். கேட் 10 வோல்ட்டைத் தொட எடுக்கும் மைக்ரோ விநாடிகளே நானோகூலும் கணக்கில் கேட் சார்ஜ். ஐஆர்எஃப்540என் என்ற பவர் மாஸ்ஃபெட்டுக்கு டேட்டாஷீட் சொல்லும் உச்சம் 71 நானோகூலும். 71 மைக்ரோ விநாடியைத் தாண்டினால் மாடலைச் சந்தேகிக்கலாம்.

தயாரிப்பாளர்கள் தரும் சப்சர்க்யூட் மாடல்கள் (ஒரு பாகத்தைப் பல உறுப்புகள் கொண்ட சிறு சுற்றாக விவரிப்பவை) பலவற்றில் கால் கம்பியின் இண்டக்டன்ஸ்கூட இருக்கும். அவற்றைச் சேர்க்கும்போது சிம்பலின் 'எம்என்' முன்னெழுத்தை, சப்சர்க்யூட்டைக் குறிக்கும் 'எக்ஸ்' என்று மாற்ற வேண்டும். கால்களின் வரிசையையும் கோப்போடு ஒப்பிட வேண்டும். டிரெயினும் சோர்ஸும் இடம் மாறினால் உள்ளிருக்கும் டயோடு வழியே மின்னோட்டம் ஓடி, மாஸ்ஃபெட் அணையாதது போலத் தெரியும்.

வெப்பத்தைக் கணக்கிடும் மாடல்களில் 1 வோல்ட் என்பது 1 டிகிரி, 1 ஆம்பியர் என்பது 1 வாட். கேஸ் (பாகத்தின் உறை) முனையில் ஹீட்சிங்கைக் குறிக்கும் ரெசிஸ்டரையும் சுற்றுப்புற வெப்பநிலைக்கு ஒரு வோல்ட்டேஜ் சோர்ஸையும் இணைக்காமல் வரும் வெப்பநிலைக்கு எந்தப் பொருளும் இல்லை. ஃபாஸ்டர் வகை வெப்பச் சங்கிலியின் (வெப்பத் தடையும் வெப்பக் கொள்ளளவும் கொண்ட தொடரின்) நுனியில் ஹீட்சிங்கை அப்படியே ஒட்டவும் கூடாது. அதன் நடு முனைகள் பாகத்தின் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. முதலில், முனைகள் பாகத்தின் அடுக்குகளைக் குறிக்கும் காவர் வகைக்கு மாற்ற வேண்டும்.

புராஜெக்ட் அறிக்கையில் ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் மாடலின் வகையையும் கோப்பின் பெயரையும் எழுதுவதைக் கல்லூரிகள் கட்டாயமாக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியாக இதையே கேட்கும்படி தேர்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வக ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்