பம்பை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கேஜை மாட்டிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் வாகனப் பக்கத்துல ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, லோடு ஏத்திக்கிட்டு ஏத்தத்துல போனா டீசல் பிக்கப் வண்டி முக்குது, இழுவையே இல்ல, செக் லைட் எரியுது, ஸ்கேனர் போட்டா பி0087னு எரர் கோடு வருது, என்ன பண்றதுன்னு. பதில் ரெண்டே வரி. ஹை பிரஷர் பம்ப் போயிருக்கும், மாத்திடுங்கன்னு. அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, ஏன்னா இதே பதிலை நம்பி நானும் பம்ப் மாத்தினவன், மாத்தியும் வண்டி சரியாகல.

பி0087ங்கிறது ரெயில்ல, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் பிரியற அந்தப் பொதுக் குழாய்ல, கம்ப்யூட்டர் கேட்ட பிரஷர் வரலைன்னு மட்டும்தான் சொல்லுது, ஏன் வரலைன்னு அது சொல்லவே இல்ல. மாடி டேங்க்ல தண்ணி ஏறலைன்னா எடுத்த எடுப்புல மோட்டாரைக் கழட்டுவோமா, கிணத்துல தண்ணி இருக்கா, ஃபுட் வால்வ் புடிக்குதா, பைப்புல எங்கயாவது காத்து இழுக்குதான்னு தானே முதல்ல பாப்போம். டீசல் லைனும் அப்படித்தான். டேங்க்குக்குள்ள இருக்கற சல்லடை, அங்கேர்ந்து வர்ற ஹோஸ், சில வண்டில டேங்க்ல இருந்து டீசலைத் தள்ளி விடுற லிஃப்ட் பம்ப், அப்புறம் தண்ணி பிரிக்கிற ஃபில்டர், இதெல்லாம் தாண்டித்தான் டீசல் ஹை பிரஷர் பம்புக்கே வருது. லிஃப்ட் பம்ப் இருந்தாக்கூட இந்தப் பக்கம் பிரஷர் ஒரு சில பார் தான். பம்ப் தாண்டினா ரெயில்ல ஐடில்லயே 250ல இருந்து 350 பார் வரைக்கும் நிக்கும், ஃபுல் லோடுல நிறைய வண்டில 1600, 2000ன்னு போகும். பிரஷரை அளக்குற ரெயில் சென்சார், பம்புக்குள்ள எவ்வளவு டீசல் போகணும்னு அளந்து விடுற மீட்டரிங் வால்வ், பிரஷர் மிஞ்சினா திறந்து விடுற ரிலீஃப் வால்வ், இன்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற இன்ஜெக்டர் எல்லாம் அந்தப் பக்கம். இதுல எந்த இடத்துல கோளாறு வந்தாலும் வர்ற கோடு ஒண்ணுதான்.

என் வண்டி கதையைச் சொல்றேன். காலைல முதல் ஸ்டார்ட்டுக்கு செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்கணும், ஒரு தடவை புடிச்சிட்டா அப்புறம் நாள் பூரா ஒரே அடில ஸ்டார்ட் ஆகும், ஆனா லோடுல ஏத்தம் வந்தா செத்துப்போகும். வண்டியை விட்ட ஒர்க்‌ஷாப்புல முதல்ல ஃபில்டர் மாத்துனாங்க, அப்புறம் பம்ப் மாத்துனாங்க, ஒரு வாரத்துல பழையபடி ஆரம்பிச்சதும் இன்ஜெக்டர் நாலையும் மாத்தணும்னாங்க. அதுக்கு மேல மனசு வராம வண்டியை வீட்டுக்கு கொண்டுவந்து, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல டீசல் தாங்குற, உள்ள ஓடுறது தெரியற ஹோஸ் ஒரு முழம் மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். ஐடில்ல ஒண்ணும் தெரியல, டீசல் சுத்தமா போகுது. ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா கடுகு கடுகா குமிழி வரிசையா ஓடுது, விட்டா நிக்குது, மிதிச்சா ஓடுது. அதைப் புடிச்சுக்கிட்டே பின்னாடி போனா, ஃபில்டருக்கு வர்ற ஹோஸ்ல கிளிப்புக்கு அடியில ரப்பர்ல நகத்தால கீறின மாதிரி ஒரு வெடிப்பு, ஹோஸை வளைச்சாத்தான் வாயைத் திறக்குது. ஒரு சொட்டு கூட வெளிய கசியல, தரை காஞ்சு கிடக்கு.

கசியாததுக்கு காரணம் இருக்கு, இதைத்தான் நிறைய பேர் தவற விடுறாங்க. லிஃப்ட் பம்ப் இல்லாத வண்டில ஹை பிரஷர் பம்ப் தானே டேங்க்ல இருந்து உறிஞ்சி எடுக்குது, அதனால அந்த லைன் பூரா உள்ளுக்கு இழுக்கற லைன், ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். ராத்திரி வண்டி நிக்கும்போது அதே ஓட்டை வழியா காத்து ஏறி டீசல் மெதுவா டேங்க்குக்கே இறங்கிடும், காலைல செல்ஃப் அடிச்சு அடிச்சு மறுபடி மேல கொண்டுவரணும். 2001ல இருந்து 2010 வரைக்கும் வந்த ஜிஎம் கம்பெனியோட டூராமேக்ஸ் டீசல் பிக்கப்புங்க எல்லாம் லிஃப்ட் பம்ப் இல்லாம இப்படி உறிஞ்சுற வகைதான்.

அந்த மாதிரி வண்டிக்கு பிரஷர் கேஜ் வேலைக்காகாது, பம்ப் வாயில உறிஞ்சுற இழுப்பை அளக்குற வேக்குவம் கேஜ் மாட்டணும். லோடுல வேக்குவம் ரொம்ப ஏறுச்சுன்னா எங்கயோ அடைப்பு, ஃபில்டரோ டேங்க் சல்லடையோ நசுங்கின பைப்போ. வேக்குவம் ஏறவே இல்ல, ஆனா ஹோஸ்ல குமிழி ஓடுதுன்னா காத்து இழுக்குது. இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சாலே பாதி அலைச்சல் மிச்சம். எலக்ட்ரிக் லிஃப்ட் பம்ப் இருக்கற வண்டின்னா ஃபில்டருக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை பிரஷர் பாருங்க. முன்னாடி நல்லா இருந்து பின்னாடி விழுந்தா ஃபில்டர், ரெண்டுலயும் விழுந்தா லிஃப்ட் பம்போ அதுக்கு வர்ற கரண்டோ டேங்க் பக்கமோ. கரண்ட்டை ஏன் சொல்றேன்னா ரிலேயும் எர்த் ஒயரும் துருப்புடிச்சு பம்ப் பாதி வேகத்துல சுத்துறது சாதாரணமா நடக்குற விஷயம். எதைப் பாத்தாலும் லோடுல பாருங்க, ஐடில்ல பாத்துட்டு நல்லாருக்குன்னு கையைக் கழுவிடாதீங்க, ஐடில்ல வண்டி குடிக்கிற டீசல் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க, பாதி அடைச்ச ஃபில்டர் கூட அதைக் குடுத்துடும்.

இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் ரெயில் பக்கம் போகலாம். முதல்ல சென்சார் நிஜம் சொல்லுதான்னு பாக்கணும். இன்ஜின் ஆஃப் ஆகி கொஞ்ச நேரம் ஆனப்புறம் சாவியை மட்டும் ஆன் பண்ணினா ஸ்கேனர்ல பிரஷர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டணும், பெரும்பாலான சென்சார்ல வோல்டேஜ் 0.5 கிட்ட இருக்கும். நிக்கிற இன்ஜின்ல 80 பார், 100 பார்னு காட்டினா சென்சாரையோ ஒயரையோதான் பாக்கணும், பம்பை இல்ல. அப்புறம் செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், ஆனா 150, 200 பார் கிட்ட வரலைன்னா கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. ஏறலைன்னா இன்ஜெக்டர் ஒவ்வொண்ணுலயும் மிச்ச டீசல் டேங்க்குக்குத் திரும்புற ரிட்டர்ன் குழாயைக் கழட்டி ஒரே அளவு பாட்டில்ல விட்டு ஒரே நேரத்துக்கு ஓட்டிப் பாக்கணும், ஒரு பாட்டில் மட்டும் மத்ததை விட வேகமா நிறைஞ்சா பிரஷர் அந்த இன்ஜெக்டர் வழியாத்தான் ஓடிட்டு இருக்கு. ரெயில்ல இருக்கற ரிலீஃப் வால்வோட ரிட்டர்னும் காஞ்சு இருக்கணும், அதுல டீசல் வந்தா வால்வ் உக்காரல. மீட்டரிங் வால்வைக் கழட்டிப் பாத்தா அதுல வெள்ளி மாதிரி மினுமினுன்னு உலோகத் தூள் இருந்துச்சுன்னா, ஆமா, அப்ப பம்ப்தான், அந்தத் தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் போயிருக்கும், பம்பை மட்டும் மாத்தி பிரயோஜனமில்ல.

இன்னொண்ணும் சொல்லணும். பம்புக்குள்ள தனியா ஆயில் கிடையாது, டீசல் தான் அதுக்கு ஆயில், அதுதான் சூட்டையும் எடுக்குது. காத்தோ தண்ணியோ கலந்து வந்தா பம்ப் உராஞ்சே சாகும். 1998 நடுவுல இருந்து 2002 வரைக்கும் வந்த டாட்ஜ் ராம்ங்கிற அமெரிக்க பிக்கப்போட கம்மின்ஸ் டீசல் வண்டில இது ஊரறிஞ்ச விஷயம், முதல்ல லிஃப்ட் பம்ப் சத்தமில்லாம போகும், வண்டி அப்பவும் ஓடிக்கிட்டு இருக்கும், கொஞ்ச நாள்ல விபி44 இன்ஜெக்ஷன் பம்ப் போகும். காரணத்தை விட்டுட்டு பம்பை மட்டும் மாத்தினா புது பம்பும் அதே வழில போகும். என் வண்டில மாத்தின புது பம்ப் காத்தோட ஒரு வாரம் ஓடிருக்கு, அதை நினைச்சா இப்பவும் வயித்தெரிச்சலா இருக்கு.

தயவு செஞ்சு இதை மட்டும் பெரிய எழுத்துல போடுங்க. பழைய டீசல் வண்டில இன்ஜெக்டர் நட்டை லூஸ் பண்ணி செல்ஃப் அடிச்சு டீசல் வருதான்னு பாப்போம், அந்தப் பழக்கத்துல இந்த மாதிரி ரெயில் இருக்கற (காமன் ரெயில்) வண்டி பைப்பை யாரும் லூஸ் பண்ணிடாதீங்க, கசியுதான்னு விரலால தடவியும் பாக்காதீங்க. அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும், வெளிய ஊசி குத்தின அளவுதான் தெரியும், ஆரம்பத்துல வலியும் பெருசா இருக்காது, அதனால ஆளுங்க துடைச்சுட்டு வேலையைப் பாக்கப் போயிடுவாங்க, கொஞ்ச நேரத்துல விரல் வீங்கி உள்ள சதை செத்துப்போய் விரலையே எடுக்கற நிலைமை வரும். குத்தின உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஹை பிரஷர் டீசல் உள்ள போயிருக்குன்னு வாயைத் திறந்து சொல்லணும். கசிவு பாக்கணும்னா ஒரு அட்டையை தூரமா புடிச்சுப் பாருங்க.

கேள்வி கேட்ட அந்த வாசகர் இன்னும் பம்ப் மாத்தலைன்னா அவருக்கு ஒரு வார்த்தை எழுதுங்க. ராத்திரி நின்ன வண்டி காலைல எவ்வளவு நேரம் செல்ஃப் அடிச்சா புடிக்குதுன்னு கவனிக்கச் சொல்லுங்க, இழுவை போற நேரத்துல ஓரமா நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து மூடிட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க, உஸ்ஸுன்னு காத்து உள்ள போய் அதுக்கப்புறம் வண்டி இழுத்துச்சுன்னா டேங்க்குக்கு மூச்சு விடுற வழி அடைச்சிருக்கு, அதுக்கு பம்பே தேவையில்ல.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் வண்டிக்காரன்