ஒருத்தியா, நாலைந்து பேரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். என் மகள் இங்கே லண்டனில் ஜிசிஎஸ்இ (பதினாறு வயதுவாக்கில் எழுதும் பள்ளித் தேர்வு) தேர்வுக்கு அதைத்தான் படிக்கிறாள். ஆறு மாதமாக வீட்டில் பர்லிங் குடும்பத்தைப் பற்றியே பேச்சு. அதனால் வந்த வினை இந்தக் கடிதம்.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆலை முதலாளி பர்லிங், மனைவி, மகள் ஷீலா, மகன் எரிக், ஷீலாவுக்கு நிச்சயமான ஜெரால்ட் ஆகியோர் விருந்து சாப்பிடும் இரவில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, ஓர் ஏழைப் பெண் தற்கொலை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று சொல்லி, ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒரே மேஜையில் விருந்து சாப்பிட்ட ஐந்து பேரும் ஒரே ஏழைப் பெண்ணின் வாழ்க்கையில் கை வைத்திருந்தார்கள் என்பது நம்பும்படி இல்லை, நாடகத்தின் பலவீனமே அதுதான் என்கிறார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்குச் சண்டை.

இதே சந்தேகத்தை நாடகத்துக்குள்ளேயே ஒருவன் கிளப்புகிறானே! அவன்தான் ஜெரால்ட். இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணின் புகைப்படத்தை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் காட்டினார், எல்லோரும் பார்த்தது ஒரே படம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறான். நாலைந்து வெவ்வேறு பெண்களாகக்கூட இருக்கலாம் என்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், அப்படி யாரும் அங்கே சாகவில்லை என்று பதில் வருகிறது. அப்பாடா என்றாகிவிடுகிறது பெரியவர்களுக்கு. ஜெரால்ட் மோதிரத்தை மறுபடி ஷீலாவிடம் நீட்டுகிறான், எல்லாம்தான் சரியாகிவிட்டதே என்று.

என்ன சரியாயிற்று? வாரம் 22 ஷில்லிங் 6 பென்ஸ் போதாது, 25 ஷில்லிங் வேண்டும் என்று கேட்டு வேலைநிறுத்தம் செய்த பெண்ணை பர்லிங் வெளியே தள்ளினார். ஷீலா கடைக்குப் போய், தனக்கு எடுப்பாக இல்லாத உடுப்பைப் போட்டுப் பார்க்கிறாள். அதே உடுப்பு விற்பனைப் பெண்ணுக்குப் பொருந்துகிறது. கண்ணாடியில் அந்தப் பெண் சிரிப்பது தெரிகிறது. அவ்வளவுதான், அவளை நிறுத்தாவிட்டால் அம்மாவிடம் சொல்லி இந்தக் கடைக் கணக்கையே முடித்துவிடுவேன் என்று மேனேஜரிடம் மிரட்டல். ஜெரால்ட் ஒருத்தியைச் சில மாதம் வைத்திருந்து கைவிட்டான். எரிக் ஒருத்தியைக் கர்ப்பமாக்கி, அப்பாவின் ஆபீஸ் பணத்தைத் திருடிக் கொடுத்தான். உதவி கேட்டு வந்த கர்ப்பிணியைத் தர்ம சங்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெறுங்கையோடு அனுப்பினாள் மிஸஸ் பர்லிங். இதில் எதையும் யாரும் இல்லை என்று சொல்லவில்லை.

ஒருத்திதான் என்றால், பாவம், போன இடமெல்லாம் அடி வாங்கியவள் என்று விதியின் மேல் பழியைப் போடலாம். நாலைந்து பேர் என்றால் அது அந்த ஊரின் வழக்கம். குழியை மூடுகிறேன் என்று ஜெரால்ட் இன்னும் ஆழமாகத் தோண்டிவிடுகிறான். பிரீஸ்ட்லி இந்த ஓட்டையைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பெண்ணுக்கு ஈவா ஸ்மித் என்று பெயர் வைத்ததும் அதனால்தான் இருக்கும். இங்கிலாந்தில் தெருவுக்கு நாலு ஸ்மித்.

கட்டுரையில் எட்னாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பது இன்னொரு வருத்தம். பர்லிங் வீட்டு வேலைக்காரி. இன்ஸ்பெக்டர் வந்திருப்பதைச் சொல்பவள் அவள்தான். விளக்கைக் கூட்டு என்று முதலாளி அவளிடம்தான் சொல்கிறார். அதுவரை இளஞ்சிவப்பாக இருந்த மேடை வெளிச்சம் அப்புறம் பளிச்சென்று கடுமையாக மாறவேண்டும் என்பது பிரீஸ்ட்லியின் குறிப்பு. உழைக்கும் பெண்களைப் பற்றி ராத்திரி முழுக்க அந்த அறையில் விசாரணை நடக்கிறது. எட்னாவோ தேநீர் போடுவதற்காகத் தூங்காமல் காத்திருக்கிறாள். அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர் உட்பட! இது ஆசிரியரின் குத்தலா, மறதியா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. குத்தல் என்கிறாள் மகள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

சரி, ஒரு சின்னத் திருத்தம். நாடகம் முதலில் மேடையேறியது 1946இல் லண்டனில் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆண்டே, 1945இல், சோவியத் யூனியனில் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் மேடையேறிவிட்டது. கதை நடப்பது 1912இல் என்று நீங்கள் போட்டிருப்பது சரிதான். டைட்டானிக் மூழ்கவே மூழ்காது என்று பர்லிங் பெருமையடிப்பது அதனால்தான் நமக்குச் சிரிப்பாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, லண்டன்